ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்கள் தூங்கவில்லையா? புள்ளியைத் தொடும் முன் மாத்திரையைக் கீழே வையுங்கள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர்கள் பலர் முதல் நாள் சாதுவாகப் படுத்திருப்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாள் ராத்திரியில் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார்கள். எப்போதோ இறந்துபோன அண்ணன் கதவருகே நிற்பதாகச் சொல்வார்கள். பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்பார்கள்.

மயக்கவியல் மருத்துவர்களுக்கும் முதியோர் நல மருத்துவர்களுக்கும் இது பழகிப்போன காட்சி. அவர்களைப் பொறுமையிழக்க வைப்பது மறுநாள் காலை வரும் பதில்தான்: "தூக்கமே இல்ல டாக்டர், அதான் கடையில ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்."

பேயும் இல்லை, வயசும் இல்லை

பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஓரிரு இரவுகளில் ஆழ்ந்த உறக்கமும் கனவு காணும் உறக்கமும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. அதன்பின் கனவு உறக்கம் விட்டதற்கும் சேர்த்துத் திரும்பி வரும்போது பயங்கரக் கனவுகள் வரலாம். அதோடு வலி, வலிக்குத் தரும் மருந்து, அணையாத விளக்கு, பக்கத்துக் கட்டில் இருமல் எல்லாம் சேர்ந்தால் முதிய மூளை தடுமாறுகிறது. இந்தக் குழப்ப நிலைக்கு டெலிரியம் என்று பெயர். மந்திரித்த கயிறு கட்டி இது சரியாகாது. கட்டும் நேரத்தில் நர்ஸைக் கூப்பிடலாம்.

"வயசானா தூக்கம் குறையத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதும் தவறு. நேற்றுவரை தூங்கியவர் இன்று விடியவிடிய விழித்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன், சிறுநீர்ப் பரிசோதனை போன்றவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கைப்பையில் வரும் வைத்தியம்

அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறது, 1991 முதல் புழக்கத்தில் உள்ள பீர்ஸ் பட்டியல். காரணம் சாதாரணமானதல்ல: குழப்பம் கூடும்; எழுந்து நடந்தால் விழுவார்கள்; இன்னொரு எலும்பு முறியும். "அலர்ஜி மாத்திரைதானே, தூக்கம் வரும்" என்று தரும் பழைய ரக மாத்திரைகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அவை சிறுநீரை அடைத்து, மலச்சிக்கலைக் கூட்டி, மூளையையும் மந்தமாக்கும்.

பாட்டி வைத்தியம் மட்டும் பாதுகாப்பா? பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை என்று தொடங்கி, தூக்கம் வராவிட்டால் அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று ஏறும். ஜாதிக்காய் அளவு மீறினால் படபடப்பும் இல்லாததைக் காணும் மயக்கமும் வரும். எதைத் தடுக்க நினைத்தார்களோ, அதையே ஊட்டிவிடுகிறார்கள். "ஒரே ஒரு மூடி பிராந்தி" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மருத்துவர்களுக்கு அலுத்துவிட்டது.

புள்ளியை அழுத்தினால்?

இங்கேதான் அக்குபிரஷர் வருகிறது. மணிக்கட்டின் உள்பக்கக் கோட்டில், சுண்டுவிரல் பக்கமுள்ள சிறு பள்ளம் ஷென்மென். அதே கோட்டிலிருந்து நோயாளியின் மூன்று விரல் அகலம் முழங்கையை நோக்கி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருப்பது நெய்குவான். நம்மூரில் 'பி 6'. சீன மருத்துவமனைகளில் இவற்றை விரலால் அழுத்துகிறார்கள், காதில் கடுகளவு விதைகளை ஒட்டி அழுத்துகிறார்கள், அல்லது ஒட்டுப்பட்டை வழியே மெல்லிய மின்துடிப்பு தருகிறார்கள். மின்துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப உடல் வெவ்வேறு இயற்கை வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்று காட்டியவர் பீஜிங்கின் ஹான் ஜிஷெங்.

குமட்டலுக்குச் சான்று ஓரளவு வலுவானது. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி, குமட்டலை பி 6 குறைக்கிறது என்று 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பின் அலசல் சொன்னது. வலியும் குமட்டலும் குறைந்தால் தூக்கம் எட்டிப்பார்ப்பது இயல்புதானே.

தூக்கத்துக்கென்றே நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரும்பாலும் சிறியவை. அழுத்துவது தனக்குத் தெரியும் என்பதால் நோயாளியின் எதிர்பார்ப்பும் தூக்க மதிப்பெண்ணில் கலந்துவிடும். பல ஆய்வுகள் பயன்படுத்தும் பிட்ஸ்பர்க் வினாப்பட்டியல் கடந்த ஒரு மாதத் தூக்கத்தைக் கேட்பது. ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் ஆனவரிடம் அதை நீட்டினால் என்ன பதில் வரும்? ஆகவே இது துணை வைத்தியம், அவ்வளவுதான். "ஒரு புள்ளியைத் தொட்டால் போதும், எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள்" என்னும் ஹீலரை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை நிறுத்தினால் தூக்கத்தைவிடப் பெரிய விஷயம் போய்விடும்.

எங்கே கை வைக்கக் கூடாது

டிரிப்ஸ் ஏறும் கையிலும் டயாலிசிஸ் பிஸ்டுலா உள்ள கையிலும் அழுத்த வேண்டாம். வீங்கிய, வலிக்கும் காலைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்துடிப்புக் கருவி ஆகாது. ரத்தம் நீர்க்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்துவதற்கு முன் அறுவை மருத்துவரைக் கேளுங்கள். மற்றபடி மருத்துவர் ஒப்புதலோடு ஒவ்வொரு மணிக்கட்டிலும் இரண்டு மூன்று நிமிடம், வலிக்காத அழுத்தம் போதும்.

அட்மிட் ஆகும் அன்றே

யேல் பல்கலைக்கழகத்தின் ஷரன் இனோயே குழு 70 வயது தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் டெலிரியத்தைத் தடுக்க நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர். ஆனால் செய்தவை எந்த வார்டுக்கும் பொருந்தும்: இரவில் வெதுவெதுப்பான பால், மெல்லிய இசை, முதுகு நீவிவிடுதல், சத்தத்தைக் குறைத்தல், பகலில் நடக்க வைத்தல், கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டுவிடுதல். வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலிரியம், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களிடம் 9.9 சதவீதமாக இருந்தது.

தயவுசெய்து ஒன்றை மறைக்காதீர்கள். அப்பா பல வருடமாகத் தூக்க மாத்திரை போடுபவரா, தினமும் குடிப்பவரா, ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவை திடீரென்று நின்றாலும் இதே குழப்பம்தான் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் அவதி அவருக்கு. ராத்திரி துணைக்கு இருப்பவர் செல்போன் சத்தத்தை அணைத்துவிட்டு, வலி இருக்கிறதா, சிறுநீர் முட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள். மணிக்கட்டைப் பிடிப்பது அதற்குப் பிறகு. கடை மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.