தோளுக்கும் வண்டிக்கும் ஒரே பை

கோல்ஃப் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சென்னை நந்தனத்திலேயே அண்ணா சாலையை ஒட்டி ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்பது விதி. 18 குழிகளையும் ஆடி முடிக்க ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். சிலர் மட்டைப் பையைத் தோளில் சுமப்பார்கள். சிலர் சிறிய பேட்டரி வண்டியின் பின்புறம் கட்டிக்கொள்வார்கள்.

பெருங்குடியில் பை தைக்கும் ஒருவரிடம், "இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரு பை தைத்துக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். சுலபமான வேலைதானா அது?

தோள் கேட்பது என்ன?

மட்டை ஒன்று ஏறக்குறைய 400 கிராம். பதினான்கும் சேர்ந்து ஐந்தரைக் கிலோ. பை, பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 10 கிலோவை எட்டும். அதன் எடை சுமார் 100 நியூட்டன்.

இதை ஒரே தோளில் மாட்டினால், முதுகெலும்பிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தொங்கும் எனக் கொள்வோம். திருப்புத்திறன் = விசை × தொலைவு = 100 × 0.2 = 20 நியூட்டன் மீட்டர். உடல் சாயாதிருக்க மறுபக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவை இருப்பதோ முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. அளவில்தான். எனவே அவை 400 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். ஆக, பையினால் முதுகெலும்பின் மேல் 500 நியூட்டன்! பத்துக் கிலோ பை ஐம்பது கிலோவாக அழுத்துகிறது.

இரண்டு வார்கள் வைத்தால் பை முதுகின் குறுக்கே நடுவில் படியும். பக்கவாட்டுத் திருப்புத்திறன் ஏறக்குறைய மறைந்துவிடும். வாரின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் தோளில் அழுத்தம் பாதியாகும். வார்களைக் காலிப் பையில் அளந்து தைக்கக் கூடாது. மட்டைகளின் கனமான தலைகள் மேலே இருப்பதால், பை நிறைந்ததும் ஈர்ப்பு மையம் மேலேறிவிடும். அதைக் கண்டறிந்து, அதன் இருபுறமும் வார்களைப் பொருத்த வேண்டும்.

வண்டி கேட்பது என்ன?

வண்டிக்கு எடை பெரிதல்ல; பை ஆடக் கூடாது, சுழலக் கூடாது. அதற்குத் தட்டையான, அகலமான அடிப்பாகம் தேவை. ஆனால் அடி அகலமானால் எடை கூடும், தோள் வருந்தும்! மேலும், நடப்பவருக்குப் பையைப் புல்தரையில் நிறுத்த இரு கால்கள் வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடிப்பாகமும் கால்களும் அமைக்கும் முக்கோணத்துக்குள் விழுந்தால் பை சாயாது. அதே கால்கள் வண்டியில் இடைஞ்சல். எனவே வண்டியின் பட்டை கால்களை நசுக்காமல், அவற்றின் அடியில் புகுந்து செல்ல ஒரு வழி விட்டுத் தைக்கிறார்கள். கால்களுக்கு அலுமினியம் ஏற்றது. அதன் அடர்த்தி இரும்பினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே.

இனி உங்கள் புத்தகப் பையைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கைப்படி, பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாளைக் காலை பையை நிறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு தோளில் மாட்டினால் முதுகெலும்பு தாங்கும் விசை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். இரண்டாவது வாரையும் தோளில் மாட்ட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும்!