பிறின்ஸ் வீதியின் பழைய மனை

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் பெரும்பாலும் அதன் கோட்டை கொத்தளங்களையும் கோயில்களையும் நாடிச் செல்வர். மக்கள் குடியிருந்த வீடுகளை அவர்கள் அத்துணை பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்கு உடையவர் மாறுவர். உடையவர் மாறினால் வீட்டின் உருவமும் மாறும். ஆதலின் அதில் வரலாறு தங்காது என்பது அவர்தம் எண்ணம் போலும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்குக் கொழும்பு மாநகரிலேயே ஒரு சான்று உண்டு. புறக்கோட்டையிற் பிறின்ஸ் வீதியில், வீதியை நோக்கிய பெருந்தூண்களுடன் நிற்கும் இரண்டு மாடி ஒல்லாந்தர் மனையே அது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மனையிற் குடியிருந்தோரின் வரிசையை நோக்கினால், கொழும்பின் வரலாறே ஒரு கூரையின்கீழ் அடங்கியிருத்தலைக் காணலாம்.

முதற்கண் அம்மனை நிற்கும் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். ஆட்சிக்கும் காவலுக்கும் உரிய கட்டடங்களைக் கோட்டையினுள் அமைத்து, அதற்குக் கிழக்கே குடிமக்கள் வாழும் நகரை வகுத்தனர். கோட்டைக்குப் புறத்தே இருந்தமையால் அது தமிழிற் புறக்கோட்டை ஆயிற்று. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘பெட்டா’ என்னும் பெயரோ நமது ‘பேட்டை’ என்னும் சொல்லின் திரிபேயாகும். அந்நகரின் வீதிகளை ஒல்லாந்தர் நேராகவும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வனவாகவும் அமைத்து, அரச மரபினரின் பெயர்களை அவற்றுக்கு இட்டனர். பேரரசன் எனப் பொருள்படும் ‘கெய்சர்’ வீதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. இளவரசன் பெயர் பெற்ற வீதி ஆங்கிலேயர் காலத்திற் பிறின்ஸ் வீதியெனப் பெயர்க்கப்பட்டது.

அவ்வீதியில் நமது மனை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. 1692 முதல் 1697 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் தேசாதிபதியாக விளங்கிய தோமஸ் வான் றீ என்பார் அதில் வாழ்ந்தார். கடல்கடந்து வந்தவர்கள் கட்டிய வீடாயினும், இந்நாட்டின் வெயிலையும் மழையையும் நன்கு உணர்ந்து கட்டிய வீடு அது. தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே புகவிடா. உயர்ந்த கூரையும் அகன்ற யன்னல்களும் வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற வழி செய்கின்றன. முன்புறத்து விறாந்தை வெயிலையும் சாரலையும் தடுக்கின்றது. பின்புறத்து முற்றமோ நடுவீட்டுக்கும் வெளிச்சத்தைக் கொணர்கின்றது. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைத்து வாழும் நாற்சார் வீட்டை அறிந்த நம்மவர்க்கு இவ்வமைப்பு முற்றும் அந்நியமாய்த் தோன்றாது.

தேசாதிபதியின் பெயரை ஏடுகள் குறித்து வைத்துள்ளன. ஆனால் ஒரு மனையில் வாழ்வோர் அதன் தலைவர் மட்டுமோ? கிணற்றில் நீர் இறைத்தவர் யார்? அடுக்களையிற் சமைத்தவர் யார்? தலைவர் மக்களைத் தாலாட்டி வளர்த்தவர் யார்? அக்காலத்துக் கொழும்பில் ஒல்லாந்த அதிகாரிகளின் இல்லங்களில் இப்பணிகளைச் செய்தோர் பெரும்பாலும் அடிமைகளே. அவர்கள் தென்னிந்தியக் கரையிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் கொணரப்பட்டனர். வான் றீ ஆட்சி செய்த காலத்திலேயே, 1694 முதல் 1696 வரையுள்ள ஆண்டுகளில், தென்னிந்தியாவைப் போர் அலைக்கழித்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 அடிமைகளைத் தனிப்பட்டோர் விலைக்கு வாங்கி இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுட் பலர் நமது மொழியையே தாய்மொழியாகப் பேசியவராய் இருந்திருத்தல் வேண்டும். கொழும்பிற் கொம்பனித்தெரு என நாம் வழங்கும் பகுதி ஆங்கிலத்தில் அடிமைத்தீவு எனப் பெயர் பெற்றதும், ஒல்லாந்தக் கொம்பனியின் அடிமைகள் அங்கே தங்கவைக்கப்பட்டமையாலேயாம். இந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான். பழைய மனையொன்றின் அழகை வியப்போர் இச்செய்தியையும் உடன் நினைத்தல் நீதியாகும்.

தேசாதிபதிக்குப் பின்னர் ஒல்லாந்தர் காலத்திலேயே அம்மனை பல பணிகளுக்குப் பயன்பட்டது. சமய போதகரையும் ஆசிரியரையும் பயிற்றும் இடமாகவும், அநாதைப் பிள்ளைகளின் இல்லமாகவும், மருத்துவமனையாகவும் அது இருந்தது. போதகரைப் பயிற்றும் முயற்சி தமிழுக்கும் தொடர்புடையது. உள்நாட்டு மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே சமயம் போதித்தல் வேண்டுமென்று கருதிய ஒல்லாந்தர், 1690இல் நல்லூரிலும் 1696இற் கொழும்பிலும் குருமார் கல்லூரிகளைத் தொடங்கினர். கொழும்புக் கல்லூரியிற் பயின்றவர்களுள் ஒருவர், 1723இற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழர். ஒல்லாந்தத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்ற முதல் இந்நாட்டவர் அவரே. வேதாகமத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணியில் அவர் நீண்டகாலம் உழைத்தார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலிலும் அவருக்கு இடம் உண்டு. ஆள வந்தவர் தம் தேவைக்கென நிறுவிய கல்வி, நம்மவர் கைக்கு வந்தபோது தமிழுக்குப் பயன்பட்டமை கருதத்தக்கது.

பின்னர் ஆகுஸ்ட் கார்ல் வான் றன்சோ என்னும் கோமகனார் அம்மனையில் வாழ்ந்தார். 1796ஆம் ஆண்டு மாசி மாதத்திற் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் அம்மனையைப் படையினரின் மருத்துவமனையாகவும், படைக்கலச் சாலையாகவும், பொலிசாரைப் பயிற்றும் நிலையமாகவும் மாறி மாறிப் பயன்படுத்தினர். இதற்கிடையிற் சுற்றுப்புறமும் உருமாறியது. புறக்கோட்டையில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகத் தெற்கே புதிய பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. மரநிழல் வீழ்ந்த வீதிகள் வண்டிகளும் மூட்டைகளும் நிறைந்த கடைவீதிகளாயின. பழைய வீடுகள் கடைகளாக மாறின. மாறாதவை இடிந்து மறைந்தன. பிறின்ஸ் வீதி மனையோ அரசாங்கத்தின் ஏதேனும் ஓர் அலுவலுக்குப் பயன்பட்டமையால் தப்பிப் பிழைத்தது.

20ஆம் நூற்றாண்டில் அது புறக்கோட்டைத் தபாற்கந்தோர் ஆயிற்று. ‘கந்தோர்’ என்னும் சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து ஈழத் தமிழிற் புகுந்தது. ஒல்லாந்தர் போய் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், அவர் கட்டிய மனையை அவர் தந்த சொல்லாலேயே மக்கள் அழைத்தனர். மேலே கூறிய ‘யன்னல்’, ‘விறாந்தை’ என்பனவோ அவர்க்கு முன்னிருந்த போர்த்துக்கேயரின் சொற்கள். வீட்டிற் குடியிருப்போர் மாறுவதுபோலவே மொழியிலும் புதியோர் வந்து குடியேறுகின்றனர், சிலர் போய்விடுகின்றனர், சிலர் நம்மவராகவே ஆகிவிடுகின்றனர். தேசாதிபதி ஒருவர் உலாவிய கூடத்தில், ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பும் நாட்டாமையும், கடிதத்துக்கு முத்திரை வாங்கும் கடைச் சிப்பந்தியும் வரிசையில் நின்றனர். அம்மனைக்கு அதனினும் மேலான பெருமை வேறு இல்லை எனலாம்.

தபாற்கந்தோர் வேறிடம் சென்றபோதுதான் மனைக்குப் பேராபத்து நேர்ந்தது. மழையும் வெயிலும் அதனை நலிவுறச் செய்திருந்தன. 1970ஆம் ஆண்டுகளில் அதனை இடித்துவிட்டு அவ்விடத்திற் புதுக் கட்டடம் எழுப்பலாம் என்னும் கருத்து எழுந்தது. ஓடு ஒழுகும் பழைய வீடு எதற்கு என்று கேட்போர்க்கு விடை கூறுதல் எளிதன்று. அந்நியர் ஆட்சியின் சின்னத்தை ஏன் பேண வேண்டும் என்போரின் கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் நெதர்லாந்திற் கல்வி கற்றுத் திரும்பிய இலங்கையர் சிலர் அம்மனையைக் காக்க முன்வந்தனர். இலங்கை அரசாங்கமும் நெதர்லாந்து அரசாங்கமும் இசைந்து, 1977இல் அதனைப் புதுக்கும் பணியை மேற்கொண்டன. 1982இல் அது ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாகத் திறந்து வைக்கப்பட்டது. தளபாடங்கள், பீங்கான்கள், நாணயங்கள், கல்லறைக் கற்கள் முதலியன அங்கே இடம்பெற்றன.

அந்நியர் சின்னம் என்போர்க்கு மேலே கூறிய வரலாறே விடை பகர்கின்றது. தேசாதிபதி அதில் வாழ்ந்தது சில ஆண்டுகளே. அதற்குப் பின்னர் அநாதைப் பிள்ளைகளும் நோயாளரும் மாணாக்கரும் பொலிசாரும் தபாற் சேவகரும் அதிற் புழங்கிய காலம் அதனினும் பன்மடங்கு நீண்டது. அதன் நிலத்தைப் பெருக்கிய அடிமைப் பெண்ணுக்கு இந்நாட்டிற் கல்லறைக் கல் எதுவும் இல்லை. அச்சுவர்களையன்றி அவளுக்கு வேறு நினைவுச்சின்னமும் இல்லை. மனை இடிந்திருப்பின் அழிந்திருப்பது ஆண்டவர் புகழன்று. அவர்தம் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துள்ளன. ஏடுகளில் இடம்பெறாதவர் வாழ்ந்த இடமே மண்ணாகியிருக்கும்.

நேயர்கள் ஒவ்வொருவரின் ஊரிலும் பழைய வீடொன்று இருக்கும். அதன் உறுதியைப் புரட்டினால் உடையவர் பெயர்கள் வரிசையாகத் தெரியும். உறுதியிற் காணாத பெயர்களையோ ஊரிலுள்ள முதியோரே அறிவர். அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் இளையோர் கடன். கூரையைச் செப்பனிடப் பொருள் வேண்டும். பெயர்களைக் காக்க ஒரு கொப்பியும் சிறிது பொறுமையும் போதும்.