மலையேறும் இரு வண்டிகள்

லிந்துலைப் பகுதி மக்களுக்கு இரண்டு ஓசைகள் நன்கு பழக்கமானவை. ஒன்று, கிரேட் வெஸ்டர்ன் மலைச்சாரலிலே வளைந்து வளைந்து ஏறும் புகையிரதத்தின் ஓசை. மற்றொன்று, பந்தய நாட்களில் ரதல்லை ஏற்றத்திலே முழங்கும் மோட்டார்களின் ஓசை. இரண்டும் ஏறுவது ஒரே மலையைத்தான். ஏறும் விதமோ வேறு. அந்த வேறுபாட்டிலே நமக்கொரு பாடம் இருக்கிறது.

முதலில் புகையிரதத்தைக் கவனிப்போம். 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த பாதை, 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இடைப்பட்ட காலத்தில் கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்துவிட்டது. கோப்பியைச் சுமக்க எண்ணிய வண்டிகள் தேயிலையைச் சுமந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பும் இப்பாதையிலே கலந்திருக்கிறது.

இரும்புத் தண்டவாளத்தின் மீது ஓடும் இரும்புச் சக்கரம், ஏற்றம் மிகுந்தால் வழுக்கிவிடும். ஆகவே 44 அடி தூரத்துக்கு ஓரடி உயர்வு என்ற அளவை எல்லையாகக் கொண்டே பொறியியலாளர் இம்மலைப் பாதையை வகுத்தனர். நேரே ஏற முடியாத இடங்களில் பாதை மலையைச் சுற்றியது. சுற்றவும் முடியாத இடங்களில் குடைந்து சென்றது. தலவாக்கலைக்கு அருகே செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியை வண்டி ஆறுதலாகக் காட்டிச் செல்வதும் இவ்வளைவுகளின் பயனேயாம்.

சின்னஞ்சிறு ஐரோப்பிய நாடாகிய சுவிற்சர்லாந்து வேறொரு வழியைக் கண்டது. 1871இல் அங்கே ரிகி மலைக்கு அமைத்த பாதையில், தண்டவாளங்களின் நடுவே பற்கள் பொருத்திய இரும்புச் சட்டம் ஒன்றையும் பதித்தனர். இயந்திரத்தின் பற்சக்கரம் அதனைப் பற்றிக்கொள்ள, நான்கடிக்கு ஓரடி என்னும் செங்குத்தான ஏற்றத்தையும் வண்டி வென்றது. நம் வண்டிக்குப் பல் இல்லை. பொறுமையே அதன் பல் எனலாம்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற கிளைப்பாதையையும் மறத்தலாகாது. 2 அடி 6 அங்குல அகலமே கொண்ட அச்சிறு பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. லொறியும் பஸ்ஸும் பெருகவே வருவாய் குன்றி, 1940களில் மூடப்பட்டது. மலைநாட்டிலே தெருவண்டி, தண்டவாள வண்டியை வென்ற கதை அது.

தெருவண்டியின் வேகமே பின்னர் விளையாட்டாகவும் மலர்ந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியது 1934இல். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலும், பிறெம்கார்ட்டன் என்னும் காட்டுப் பாதையிலே அந்நாட்டின் முதலாவது கிராண்ட் பிறி பந்தயம் நடந்தது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை உண்டு. சுற்றுப் பந்தயத்தில் பல வண்டிகள் ஒன்றையொன்று முந்தப் போராடும். மலையேற்றப் பந்தயத்திலோ வண்டிகள் ஒவ்வொன்றாகவே ஏறும். அங்கே ஓட்டுநனின் எதிரி கடிகாரம் மட்டுமே.

1955 ஜூன் 11ஆந் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறிக் கூட்டத்தின்மேல் பாய்ந்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சுவிற்சர்லாந்து சுற்றுப் பந்தயங்களைத் தடுத்தது. ஆனால் தனித்தனியே ஏறும் மலையேற்றப் பந்தயங்களை அனுமதித்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளரலாயிற்று. வேகத்தை முற்றிலும் வெறுக்காமல், எங்கே, எவ்வாறு என்று அளந்து கொடுத்த விவேகத்தை அதிலே காண்கிறோம்.

நம் நாட்டுக்கும் அத்துயரம் புதிதன்று. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையிலே பந்தயக் காரொன்று பாதையைவிட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்ததில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தனர். பந்தயமே நடவாத நாளிலும் மலைத்தெரு உயிர்களைக் கொள்ளத் தவறுவதில்லை. 2023 ஜனவரி 20ஆந் திகதி இரவு, நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியின் இறக்கத்திலே பஸ்ஸொன்று வேனையும் முச்சக்கர வண்டியையும் மோதியதில் 7 உயிர்கள் பறிபோயின. பந்தயத் தெருவில் ஒரு நாளைக்கு மட்டுமே வேலியும் காவலும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் தெருவிலே அவை இல்லை.

புகையிரதமும் இடருக்கு விலக்கன்று. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின் மழையும் மண்சரிவும் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. மலையை வென்றோம் என்று எந்த வண்டியும் மார்தட்டிக்கொள்ள இயலாது.

ஆயினும் மலைக்கேற்ற அளவை முதலில் கணக்கிட்டு, அதற்குக் கட்டுப்பட்டே அன்று பாதை அமைத்தார்கள் அல்லவா? நாளை வண்டியோட்டப்போகும் மாணவர்கள் அந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். வேகத்துக்குரிய இடம் பந்தயக்களம். லயத்து வாசலை ஒட்டிச் செல்லும் தெருவிலே நிதானமே திறமையாகும்.