மாமன் மடியில் முதல் மொட்டை

குலதெய்வக் கோயிலில் என் தங்கை மகனுக்கு முடி இறக்கியபோது அவனுக்குப் பதினோரு மாதம். மடி என்னுடையது. “தலையை ஆட விடாம பிடிங்க தம்பி” என்றார் முடி எடுப்பவர். பிடித்தேன். பிளேடுக்கு அழுததைவிட என் பிடிக்குத்தான் அவன் அதிகம் அழுதிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுத் தலைகளை நனைத்த அதே குவளைத் தண்ணீர், அதே கை. காதுக்கு மேலே ஒரு கீறல். ரத்தம் ஒரு கோடாக இறங்குவதற்குள் படிகாரக் கட்டியை எடுத்து ஒரு தேய் தேய்த்தார். அதன் மேல் அம்மா சந்தனத்தை அப்பினார்.

மூன்றாம் நாள் கீறலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள். குழந்தை மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. “பிளேடு புதுசா?” என்று அவர் கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. பந்தல், பந்தி, சீர்த்தட்டு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த குடும்பம், பிளேடைப் பார்க்கவில்லை.

முடி அடர்த்தியாக வளருமா?

வளராது. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிவேர்கள் இருக்கும். அவை எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன. தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிர் கிடையாது. அதை வழித்தெடுத்தது உள்ளே இருக்கும் வேருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு ஏன் அடர்த்தியானதுபோலத் தெரிகிறது? வெட்டுப்படாத முடியின் நுனி ஊசிபோல மெலிந்திருக்கும். வழித்த முடி தட்டையான முனையோடு மேலே வரும், தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். இன்னொன்று, பிறந்த முடியில் பெரும்பங்கு இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் தானாகவே கொட்டத் தொடங்கிவிடும். மல்லாந்தே படுத்திருக்கும் குழந்தைக்குப் பின்மண்டையில் வழுக்கையே விழும். அடுத்த முடி மெல்ல வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு ஓரளவு அடர்த்தியாகிற நேரத்தில் நாம் மொட்டை அடிக்கிறோம். பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

வேண்டுதலுக்காக மொட்டை போடுவது வேறு விஷயம், அதில் மருத்துவம் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் முடி சரியாக வளரவில்லை என்பதற்காக இரண்டாவது, மூன்றாவது மொட்டை போடுவது வீண். தலையில் வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தாலோ, அந்த இடத்தில் செதில் உதிர்ந்தாலோ போக வேண்டியது தோல் மருத்துவரிடம்.

எத்தனையாவது மாதம்?

ஏழு, ஒன்பது, பதினொன்று, அல்லது மூன்றாவது வயது என்று ஒற்றைப்படையில் நாள் குறிப்பது நம் பக்கத்து வழக்கம். பழனியோ சமயபுரமோ, வேளாங்கண்ணியோ நாகூரோ, வேண்டிக்கொண்ட இடத்தில் முடி இறக்குகிறார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் அகீகாவின்போது ஏழாம் நாளிலேயே முடி எடுத்து, அதன் எடைக்கு வெள்ளியை தர்மம் செய்வதுண்டு.

மருத்துவத்தில் இதற்கென்று ஒரு மாதம் இல்லை. கழுத்து நின்று, பிடிக்காமல் உட்காரும் குழந்தை என்றால் வேலை சுலபம். அது ஆறு மாதத்துக்கு மேல்தான். அதற்குள் பிறந்த அன்று போடும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியும் முடிந்திருக்கும். இதில் ரணஜன்னிக்கான மருந்தும் அடக்கம் என்பதால் இரும்பு படும் சடங்குக்கு முன்னால் இவை முடிந்திருப்பது நல்லது. ஏழாம் நாளில் எடுப்பவர்கள், கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போட வேண்டிய ரணஜன்னி ஊசி விட்டுப்போகவில்லையா என்று பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே, சுத்தம் செய்த டிரிம்மரால் எடுப்பது மேல்.

உச்சிக்குழியைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். அது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும், சில குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை போகும். தோலுக்குக் கீழே உறுதியான சவ்வு இருப்பதால் மென்மையாக முடி எடுத்தால் மூளைக்கு ஒன்றும் ஆகாது. கட்டை விரலை அதன் மேல் ஊன்றிக்கொண்டு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அன்று காலை குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் புடைத்திருந்தால், அதுவும் காய்ச்சலோடு என்றால், கோயிலுக்குப் புறப்பட்ட வண்டியை மருத்துவமனைக்குத் திருப்புங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலையில் நீர் வடியும் கரப்பான் இருந்தால் நாளைத் தள்ளிப்போடலாம். தலையில் மஞ்சள் மஞ்சளாகப் பொருக்கு மட்டும் இருந்தால், முந்தைய நாட்களில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் நீவிக் குளிப்பாட்டினாலே பெரும்பாலும் போய்விடும். நகத்தால் பெயர்க்க வேண்டாம். குறித்த நாளை விடவே முடியாது என்றால், மூன்று கொத்து முடியை மட்டும் கத்தரித்துப் பூமுடி கொடுத்துவிட்டு, மொட்டையைப் பிறகு வைத்துக்கொள்ளும் வழியும் நம்மிடம் இருக்கிறது.

பிளேடு, குவளை, படிகாரம்

அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பர் முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முகூர்த்த நாளில் முடிக்கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஒரு தலைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த அவசரத்தில் ஒருவர் என்னதான் கவனமாக இருக்க முடியும்? முடி எடுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே பிளேடை நாமே வாங்கிக்கொண்டு போய்விடலாம், சில ரூபாய்தான். கண் முன்னால் உறையைப் பிரித்து மாட்டச் சொல்லுங்கள். பாதியாக உடைத்து மாட்டுகிறவராக இருந்தால் மற்றப் பாதி யார் தலைக்குப் போகிறது என்று பாருங்கள், வேலை முடிந்ததும் இரண்டும் குப்பைக்குப் போக வேண்டும். மாட்டும் கத்தியின் வாயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கச் சொல்வதும் தப்பில்லை.

ஏன் இத்தனை கெடுபிடி? மஞ்சள் காமாலை பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். காய்ந்துபோன, கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியே போதும். அதற்காவது தடுப்பூசி இருக்கிறது, சி வகைக்கு அதுவும் இல்லை. படர்தாமரை, சீழ்க்கட்டி போன்றவை இவற்றைவிடச் சாதாரணமாக வருபவை.

பிளேடு புதிதாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. எங்கள் வீட்டு விஷயத்தில் குற்றவாளி எது என்று எனக்கு இன்றும் தெரியாது. பிளேடாக இருக்கலாம், குவளைத் தண்ணீராக இருக்கலாம், அந்தப் படிகாரமாகவும் இருக்கலாம். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், உண்மைதான். ஆனால் காலையிலிருந்து பத்துப் பேர் கீறலில் தேய்த்த கட்டி அது. கீறல் பட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்னக் கீறலும் மிரட்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது.

மூன்று வருடம் கழித்து அடுத்த குழந்தைக்கு மொட்டை. சட்டைப் பையில் பிளேடு, கையில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில், துவைத்த துண்டு. கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் பிளேடை நீட்டினேன். “இப்பல்லாம் பாதிப் பேர் கொண்டாறாங்க தம்பி, எனக்கும் அதான் நல்லது” என்று வாங்கிக்கொண்டார். அவர் விரலிலும் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. அவர் பக்கத்து ஆபத்தை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

தாய்மாமனிடம் கேட்க வேண்டியது

ஹீமோஃபிலியா என்று ஒரு நோய், ரத்தம் சீக்கிரம் உறையாது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு அதன் முக்கிய வகை இருக்கும். அது தாய் வழியாக மகனுக்கு வருவது. அதனால் மருத்துவர் முதலில் விசாரிப்பது தாயின் சகோதரர்களைப் பற்றி. மடியில் உட்காரவைக்க நாம் தேடும் அதே ஆள்! சின்ன வயதில் பல் பிடுங்கியபோது மாமாவுக்கு ரத்தம் நிற்காமல் போனதா, முட்டி அடிக்கடி வீங்குமா என்று கேட்டுவைப்பதில் தப்பில்லை.

மூன்றில் ஒரு குடும்பத்தில் முன்னே யாருக்கும் இருந்திருக்காது என்பதால் குழந்தையையும் கவனியுங்கள். தவழும்போது காரணமில்லாமல் நீலம் பாரிக்கிறதா, தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்கிக் கன்றிப்போனதா? இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் மொட்டையும் காதுகுத்தும்.

சந்தனம், வெயில், பசி

சந்தனக்கட்டையை வீட்டில் இழைத்த குழம்பு என்றால் கவலையில்லை. கடையில் விற்கும் வில்லைகளில் நிறமும் வாசனையும் கலந்திருந்தால் அப்போதுதான் வழித்த தோல் எரியும். கீறல் உள்ள இடத்தைத் தவிர்த்து மெல்லிசாகப் பூசினால் போதும். கீறலில் மஞ்சளும் வேண்டாம், தண்ணீர் கலக்காத கிருமிநாசினியும் வேண்டாம்.

அதுவரை வெயிலே படாத தோல் அது. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, வெள்ளைப் பருத்தித் தொப்பி ஒன்று போட்டுவிடுங்கள். வயிறு முட்டப் பால் கொடுத்த கையோடு உட்காரவைத்தால் அழுகையில் கக்கிவிடும். பசியோடு உட்காரவைத்தாலும் ஊரைக் கூட்டும். ஒரு மணி நேரம் முன்பு கொடுத்திருந்தால் சரியாக இருக்கும். காதுகுத்தையும் அதே மணையில் முடிக்கும் அவசரம் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. மண்டபத்து வாடகைதான் காரணம் என்றால் வேறு வழியில்லை, ஊசியாவது புதிதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, கழுத்து மடிப்பிலும் காதின் பின்னாலும் ஒட்டிய முடியை எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு நாள் தலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீறலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். காதின் பின்னால் பட்டாணி அளவில் நெறி கட்டியிருந்தாலும் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, முடி சம்பந்தப்பட்டது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி மூன்று, நான்கு மாதத்தில் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அப்படி உதிரும் நீள முடி ஒன்று குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது உண்டு. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். ஆண் குழந்தை என்றால் டயப்பரையும் பிரித்துப் பாருங்கள். விரல் வீங்கிச் சிவந்து, முடி தோலுக்குள் பதிந்திருந்தால் இழுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.