கவுரவ டாக்டர் பட்டம்: யார் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கிறார்கள்?

(கார்வேட்டிநகரத்திலிருந்து நமது நிருபர்)

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேணுகோபால சுவாமி கோயில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார் தேடிக்கொண்டு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சித்தூர் ஜில்லாவில் பாரதக் கூத்து நடக்கும் கிராமங்களில் அவர் வேஷம் கட்டாத ஊர் குறைவு. தமிழிலும் ஆடுவார், தெலுங்கிலும் பாடுவார்.

மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "தம்பி, நீ ரயில்வேயிலே இருக்கிறே, பேப்பருக்கும் எழுதறே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்கு டாக்டர் பட்டம் குடுக்கறாங்களாம்" என்றார்.

படித்தேன். அவருடைய கலைத் தொண்டைப் பாராட்டிக் கவுரவ டாக்டர் பட்டம் வழங்கப் போவதாகவும், சென்னையில் ஒரு ஓட்டலில் விழா நடக்கும் என்றும் எழுதியிருந்தது. கடைசி வரியில் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய்.

பணம் தயார் என்றார் வாத்தியார். இரண்டு வருஷக் கூத்தில் சேர்த்தது.

"ஒரு வாரம் பொறுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, இந்தப் பட்டம் எப்படி வழங்கப்படுகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். தெரிந்ததை வாசகர்களுக்கும் சொல்வது நல்லது என்று தோன்றியது. இத்தகைய கடிதங்கள் நம்மவர் பலருக்கும் வரக்கூடியவை.

பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை?

முதலில் சட்டம். 1956-ம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் 22-வது பிரிவு இருக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் ஏற்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பாராளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. சங்கம், கவுன்சில், அகாடமி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பொன்னாடை போர்த்தலாம், கேடயம் தரலாம். பட்டம் தர முடியாது.

2023 பிப்ரவரி 26-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு பிரபலங்கள் பலருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது. அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்துப் போலீசில் புகார் கொடுத்தது. வாங்கியவர்களில் நல்ல கலைஞர்களும் இருந்தார்கள். இடத்தைப் பார்த்து நம்பிவிட்டார்கள்.

பல மேஜைகள் தாண்டும் பைல்

முறையான பட்டம் எப்படி வருகிறது? ரயில்வேயில் ஒரு பைல் மேஜை மேஜையாகப் போவதைத் தினமும் பார்க்கிறவன் நான். பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் விதி தெளிவாக இருக்கிறது. பேராசிரியர்கள் நிறைந்த கல்விக் குழு ஒரு பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு நிர்வாகக் குழுவில் ஓட்டெடுப்பு. வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது ஆதரிக்க வேண்டும். அதன் பிறகே யோசனை ஜனாதிபதிக்குப் போகும். அவசரமானால் நிர்வாகக் குழு தானாகவே பெயரைச் சொல்லவும் இடம் உண்டு. கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெறுவதற்கும் அதே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் தலைமையிலான குழு தீர்மானம் போடும். தமிழ்நாட்டில் அதைச் சிண்டிகேட் என்கிறார்கள். அங்கிருந்து பைல் வேந்தரான கவர்னரிடம் போகும். பட்டம் பெறுபவர் எந்த மேஜையிலும் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

நம் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954-ல் ஏற்பட்டது. 1971-ல் அது எம். எஸ். சுப்புலட்சுமிக்குக் கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பள்ளிக்கூடத்தில் நெடுநாள் படித்தவர் அல்லர் எம். எஸ். பின்னாளில் அவர் திருமலை தேவஸ்தானத்துக்காகப் பாடிக் கொடுத்த இசைத்தட்டுகளைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் ஏது? அதேபோல் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பரீட்சை எழுதியவர் அல்லர். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை டாக்டர் ஆக்கியது. படிக்காமலே பெரிய வேலை செய்து முடித்தவர்களைப் பல்கலைக்கழகம் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டதுதான் இந்தப் பட்டம்.

பதவியும் பட்டமும்

ஆனால் எல்லாப் பட்டமும் இப்படி வருவதில்லை. ஆக்ஸ்போர்டில் பதிவான மிகப் பழைய கவுரவப் பட்டம் 1470-களின் கடைசியில் கொடுத்தது. பெற்றவர் அப்போதைய இங்கிலாந்து மன்னரின் மைத்துனர். ஆரம்பமே அப்படி!

நம் பக்கத்திலும் கட்சி பேதமின்றி இது நடந்திருக்கிறது. 1971-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மு. கருணாநிதிக்கும், சென்னைப் பல்கலைக்கழகம் 1983-ல் எம்.ஜி.ஆருக்கும் 1991-ல் ஜெயலலிதாவுக்கும் பட்டம் வழங்கியபோது, மூவரும் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார்கள். எழுத்திலும் கலையிலும் அவர்களுக்கு இருந்த பெயரை யாரும் மறுக்கவில்லை. நாற்காலி இல்லாத காலத்தில் அந்தப் பட்டம் வந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுத்த கதையும் உண்டு. தன்னிடம் படித்துப் பிரதமரானவர்களுக்குப் பட்டம் தருவது ஆக்ஸ்போர்டில் அதுவரை வழக்கமாக இருந்தது. மார்கரெட் தாட்சரின் பெயர் 1985 ஜனவரியில் ஓட்டுக்கு வந்தது. கல்விக்கு ஒதுக்கும் பணத்தை அவருடைய அரசு வெட்டியதில் ஆசிரியர்களுக்குக் கோபம். எதிர்த்து 738 ஓட்டு, ஆதரித்து 319. பட்டம் இல்லை என்று ஆகிவிட்டது.

காலம் தாழ்ந்த கையெழுத்து

எல்லா மேஜையும் தாண்டிக் கடைசி மேஜையில் பைல் நின்றுபோவதும் உண்டு. விடுதலைப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்டுத் தலைவருமான என். சங்கரய்யா, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941-ல் இறுதிப் பரீட்சைக்கு முன்பே கைதானதால் பி.ஏ. பட்டம் பெறாமலே போனவர். 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. வேந்தரான கவர்னர் ஆர். என். ரவி ஒப்புதல் தரவில்லை. இணைவேந்தரான அமைச்சர் க. பொன்முடி, நவம்பர் 2-ம் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்தார். நவம்பர் 15-ம் தேதி சங்கரய்யா காலமானார். அவருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது.

வேந்தருக்கு மறுக்க அதிகாரம் உண்டா, இல்லையா என்பதைச் சட்டம் படித்தவர்கள் பேசட்டும். கவுரவிக்க நினைத்தால் மனிதர் இருக்கும்போதே கவுரவிக்க வேண்டும் என்பதைச் சொல்லச் சட்டம் படிக்க வேண்டாம்.

விழாவில் பேசுவது யார்?

பட்டமளிப்பு விழாப் பேருரைக்கு இவ்வளவு ஓட்டெடுப்பு கிடையாது. துணைவேந்தர் யோசித்து வேந்தரைக் கலந்துகொள்வார். பிறகு அழைக்கப்படுபவர் ஒப்புக்கொள்ள வேண்டும், தேதி ஒத்துவர வேண்டும். பெரிய மனிதரின் தேதிக்காக விழாவே தள்ளிப்போவதும் உண்டு. அந்தத் தாமதத்தில் சிரமப்படுவது வேலைக்கு மனுப் போட்டுவிட்டுப் பட்டச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் பையன்தான்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் கவுரவப் பட்டமே கொடுப்பதில்லை. பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பதில் மாத்திரம் அந்த வருஷம் பட்டம் பெறும் மாணவர்களின் தலைவர்களுக்குப் பங்கு உண்டு. 2005-ல் அங்கே பேசிய ஸ்டீவ் ஜாப்ஸ், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கேட்கப் போகிறவர்களிடம் யார் பேச வேண்டும் என்று கேட்பது நல்ல வழக்கம். நம் பல்கலைக்கழகங்களும் யோசிக்கலாம்.

வாத்தியாரின் பதில்

மறு ஞாயிறு வாத்தியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். "அப்போ இது பட்டம் இல்லியா?" என்றார். "இல்லீங்க ஐயா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த ஊர்க்காரருக்கு அந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களையும் சாரங்கபாணியின் பதங்களையும் கார்வேட்டிநகரம் ஜமீன் ஆதரித்தது. அந்தக் காலத்தில் ராஜா ஒருவர் தலையசைத்தால் போதும். இன்று சமஸ்தானம் இல்லை. அந்த இடத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது.

"நான் வேறொன்று சொல்கிறேன்" என்றேன். "நம் ஜில்லாவிலேயே குப்பத்தில் 1997-ல் ஏற்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழையும் தெலுங்கையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் இடம். உங்கள் கூத்தும் அப்படித்தானே? இன்னாருடைய தொண்டு இது என்று துணைவேந்தருக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். செலவு தபால் தலைதான். வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் நிஜமாக இருக்கும்."

வாத்தியார் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து மாடத்தில் வைத்தார். 25,000 ரூபாயில் இந்த வருஷக் கூத்துக்குப் புது கிரீடமும் புஜகீர்த்தியும் செய்யப் போவதாகச் சொன்னார். பிறகு, "பேனா இருக்கா தம்பி? எழுதிக்கோ" என்று, முதன்முதலில் வேஷம் கட்டிய ஊரிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று இருட்டும் வரை எழுதினேன். பதினொரு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை. இந்த வாரம் முடித்துத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பற்றியும் யாராவது உட்கார்ந்து எழுதுங்கள், காலம் தாழ்த்தாமல்.