முதலுதவிப் பெட்டியும் விபத்துப் பதிவேடும்

ஓடுவதும் விழுவதும் குழந்தைப் பருவத்தின் இயல்பு. பெற்றோர் அருகில் இல்லாதபோது விழுந்த குழந்தையைத் தூக்கிவிடும் பொறுப்பு, அதனைப் பேணும் மையத்தைச் சேர்கிறது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்கள் ஊட்டச்சத்தும் முன்பருவக் கல்வியும் வழங்குகின்றன. அங்குப் பயிலும் குழந்தைகளின் பாதுகாப்பிற்கு முதலுதவிப் பெட்டியும் விபத்துப் பதிவேடும் இன்றியமையாதவை.

பெட்டியில் இருக்க வேண்டியவை

கிருமி நீக்கப்பட்ட வலைத்துணி, சுருள் கட்டுத்துணி, பிளாஸ்திரி, கையுறை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், வெப்பமானி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியன பெட்டியில் இருத்தல் வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத, பணியாளருக்கு உடனே எட்டும் இடத்தில் அதனை வைத்தல் நன்று. தீர்ந்தவற்றையும் காலாவதியானவற்றையும் அவ்வப்போது மாற்றுதல் வேண்டும்.

பொருள்கள் இருந்தும் முறை தெரியாவிடில் பயனில்லை. சூடான குழம்பு கையில் பட்டால், அவ்விடத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுதல் வேண்டும். பற்பசையோ மையோ பூசலாகாது. மூக்கில் குருதி வடிந்தால், தலையை அண்ணாத்தாமல் சற்று முன்புறம் குனியச்செய்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். நிலைமை கடுமையாயின் 108 ஐ அழைத்தல் வேண்டும்.

பதிவேட்டின் பயன்

தலையில் அடிபட்ட குழந்தை சிறிது நேரம் அழுதுவிட்டு மீண்டும் விளையாடத் தொடங்கலாம். அன்றிரவே அது வாந்தியெடுத்து, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடக்கலாம். எப்போது விழுந்தது, எங்கே அடிபட்டது, நினைவிழந்ததா என மருத்துவர் கேட்பார். மூன்று வயதுக் குழந்தையால் விடை கூற இயலாது. வீட்டில் இருந்தோர் நிகழ்ந்ததைக் கண்டிலர். மையத்தில் எழுதிய குறிப்பும், மாலையில் பெற்றோரிடம் கூறிய செய்தியுமே அப்போது துணைநிற்கும்.

எனவே நாள், நேரம், இடம், நிகழ்ந்த முறை, அடிபட்ட உறுப்பு, அளித்த முதலுதவி, பெற்றோருக்குத் தெரிவித்த நேரம் ஆகியவற்றை அன்றே எழுதுதல் வேண்டும். “குறும்பு செய்ததால் விழுந்தது” என்பது தீர்ப்பு. “கைகழுவும் இடத்தில், ஈரத்தரையில் வழுக்கி, பின்தலை சுவரில் பட விழுந்தது” என்பது பதிவு. முன்னது குழந்தையின்மேல் பழி சுமத்துகிறது; பின்னது ஈரத்தரையைக் காட்டுகிறது. ஒரே மாதத்தில் மூன்று குறிப்புகள் அவ்விடத்தையே சுட்டுமாயின், திருத்த வேண்டியது எது என்பது விளங்கும்.

பழிக்கு அஞ்சிச் சிறு காயங்களை மறைக்கும் மையத்தில் இவ்வறிவு கிட்டுவதில்லை. உண்மையை எழுதிய பணியாளரைக் கடிந்துகொள்ளாமல் தரையைச் சீரமைப்பது நிருவாகத்தின் கடமையாகும். பெட்டி அன்றைய காயத்தை ஆற்ற உதவுகிறது. பதிவேடு அதே இடத்தில் அடுத்த குழந்தை விழாமல் காக்கிறது.