பத்தொன்பது வயதுப் பையனின் விலை

என் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனை விற்றபோது அவனுக்கு 28 வயது. அந்த சீசனில் அணிக்காக அதிகப் புள்ளி எடுத்தவனும் அவன்தான். பதிலுக்கு வாங்கியது 19 வயது ஒல்லிப் பையன் ஒருவனையும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும். நிஜத்தில் இப்படிச் செய்திருந்தால் ரசிகர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்திருப்பார்கள். நல்லவேளை, இது ‘பாஸ்கெட்பால் ஜிஎம்’ என்ற இணைய விளையாட்டு. இங்கே ரசிகர்களும் எண்கள்தான்.

இந்த விளையாட்டில் நீங்கள் பந்தைத் தொடவே மாட்டீர்கள். நீங்கள் மேலாளர். ஆள் எடுப்பது, விற்பது, சம்பளம் பேசுவது, அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் டிராஃப்டில் ஆள் பொறுக்குவது எல்லாம் உங்கள் வேலை. 30 அணிகள், அணிக்கு 15 பேர், 82 ஆட்டங்கள். ஒரு சீசன் சில நிமிடங்களில் ஓடிவிடும். ஆட்டக்காரர்களைக் கணினியே பிறப்பித்து, வளர்த்து, ஓய்வுக்கும் அனுப்பிவைக்கும். ஒரு மாத மாலைப்பொழுதுகளில் அரை நூற்றாண்டைப் பார்த்துவிடலாம். இதன் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே கிடப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நிஜ விளையாட்டில் நிபுணர்கள் ஆயுள் முழுக்க ஊகிக்கும் விதிகளை இங்கே வரி வரியாகப் படிக்கலாம்.

அதில் ஒரு வரி அணியின் பலத்தைக் கணிக்கிறது. ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மொத்த மதிப்பெண் உண்டு. பத்துப் பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் ஆளின் மதிப்பெண்ணை 0.4417ஆல் பெருக்குகிறது நிரல். அடுத்தடுத்த ஆளுக்கு இந்தப் பெருக்கெண் சுமார் 17 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். பத்தாவது ஆளிடம் வரும்போது வெறும் 0.08. எல்லாவற்றையும் கூட்டி ஒரு மாறிலியைக் கழித்தால், சராசரி அணியை ஓர் ஆட்டத்தில் எத்தனை புள்ளி முந்துவீர்கள் என்று தெரிந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 60 மதிப்பெண்ணில் இருவர், 50இல் எட்டுப் பேர். அந்த இரண்டு 60களையும் கொடுத்துவிட்டு ஒரு 70ஐயும் ஒரு 50ஐயும் வாங்குகிறீர்கள். கொடுத்ததும் 120, வாங்கியதும் 120. ஆனால் சூத்திரத்தின்படி உங்கள் அணி ஆட்டத்துக்கு 0.77 புள்ளி உயர்ந்திருக்கும். 82 ஆட்டங்களில் அது ஏறத்தாழ இரண்டு கூடுதல் வெற்றி. களத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம், பந்தோ ஒன்றுதான். அதனால் திறமையைப் பரவலாகத் தூவுவதைவிட ஒரே ஆளிடம் குவிப்பது லாபம்.

அப்படியானால் நட்சத்திரங்களாகவே வாங்கிக் குவிக்கலாமே? முடியாது. மற்ற 29 அணிகளை நடத்தும் கணினி ஏமாளி இல்லை. இரண்டு சுமாரானவர்கள் சேர்ந்தாலும் ஒரு நட்சத்திரம் ஆகாது என்ற கணக்கு அதன் பேரத்திலும் இருக்கிறது. ஆக, நட்சத்திரத்தைக் கடையில் வாங்குவது கட்டுப்படியாகாது, வளர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வளர்ப்பதற்கான விதி இன்னும் சுவாரசியமானது. சீசன் முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்காகவும் கணினி ஒரு பகடை உருட்டுகிறது. சாதாரணப் பகடை இல்லை, மணி வடிவ வளைகோட்டில் உருளும் பகடை. 23 வயது வரை அதன் சிதறல் 5. கீழே −4க்கு மேல் இறங்காது, மேலே +20 வரை போகலாம். 26 வயதிலிருந்தோ சிதறல் 3தான். கீழே −2, மேலே +4, அவ்வளவே. இதோடு வயதுக்கென்று தனியாக ஒரு தள்ளலும் உண்டு: இளையவர்களை மேலே ஏற்றும், முப்பதைத் தாண்டியவர்களைக் கீழே இழுக்கும். வரும் எண்ணை ஒவ்வொரு திறனும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வாங்கிக்கொள்ளும்.

அந்த −4ஐயும் +20ஐயும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நஷ்டத்துக்குத் தரை இருக்கிறது, லாபத்தின் கூரையோ கண்ணுக்கெட்டாத உயரத்தில். பங்குச்சந்தைக்காரர்கள் ‘ஆப்ஷன்’ என்று காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். ஒரு பையனின் பகடை ஒரே ஆண்டில் 10 புள்ளிக்கு மேல் விழ, நூற்றுக்கு இரண்டே சொச்சம் வாய்ப்புதான். ஆனால் அவனைப் போல ஆறு பேரை நான்கு சீசன் வைத்திருந்தால் 24 உருட்டல்கள். அதில் ஒருமுறையாவது அந்தப் பாய்ச்சல் நிகழும் வாய்ப்பு 42 விழுக்காடு! பாய்ந்தவன் வரிசையின் உச்சிக்குப் போய் 0.4417ஐ வாங்கிக்கொள்வான். பாயாத ஐவரும் கடைசி இருக்கைகளில் சின்னப் பெருக்கெண்களோடு கிடப்பார்கள், அணிக்குப் பெரிய சேதமில்லை. இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இது. நீண்டகாலத் திட்டம் என்று இதை விளையாடுபவர்கள் சொல்வதில் பாதி இந்த ஒரு கைகுலுக்கல்தான். 28 வயதுக்காரனை நான் ஏன் விற்றேன் என்பதும் இப்போது புரிந்திருக்கும். அவனுக்கு இனி +4க்கு மேல் பகடை விழாது. கோப்பைக்கு ஏங்கும் இன்னோர் அணிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தால் எல்லோரும் ஜெயித்துவிடுவார்களே! அதனால்தான் விளையாட்டில் மூடுபனியும் வைத்திருக்கிறார்கள். டிராஃப்டுக்கு வரும் பையன்களுக்குத் திரையில் தெரியும் மதிப்பெண் உண்மையானது இல்லை, கலங்கல். ஆள் தேடும் செலவைக் கூட்டினால் கலங்கல் கொஞ்சம் தெளியும். பட்டியலில் முதலில் நிற்பவன் நிஜமாகவே சிறந்தவனாக இருக்கலாம். கலங்கல் அவன் பக்கம் சாய்ந்ததாலும் முதலில் நிற்கலாம்.

நிஜ அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவிலும் பனி குறைவில்லை. 2014 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் ஜோயல் எம்பீட். நிகோலா ஜோகிச் 41வது. அவர் பெயர் வந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 41வது ஆள் மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கி, 2023இல் டென்வருக்குக் கோப்பையும் வென்று கொடுத்தார். எம்பீடை எடுத்த பிலடெல்பியா அணியின் அன்றைய மேலாளர் சாம் ஹிங்கி, மேலே சொன்ன கணக்கை நிஜ மனிதர்களை வைத்தே போட்டவர். நல்ல ஆட்டக்காரர்களை விற்று டிராஃப்ட் வாய்ப்புகளாகச் சேர்த்தார். 2015–16 சீசனில் அணி 82இல் 10 ஆட்டம்தான் ஜெயித்தது. சீசன் முடிவதற்குள் அவரே வேலையை விட்டுப் போய்விட்டார். எம்பீட் 2023இல் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், கோப்பைதான் வரவில்லை. 2019 முதல் லீகின் விதியும் மாறியது: கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25இலிருந்து 14 விழுக்காடாக இறங்கியது. வேண்டுமென்றே தோற்பவனுக்கு இனி அத்தனை பரிசு இல்லை.

விளையாட்டிலும் ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறார். வெற்றி, பிளேஆஃப், பணம் மூன்றையும் எடைபோட்டு, பொறுமை தீர்ந்தால் உங்களை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். அவருக்கு 24 உருட்டல், 42 விழுக்காடு கதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் என் அணியில் எப்போதும் முப்பது தாண்டிய இரண்டு பேர் மலிவுச் சம்பளத்தில் இருப்பார்கள், அவரைச் சமாதானப்படுத்தவே.

அந்த ஒல்லிப் பையன்? முதல் ஆண்டு பகடை தரையைத் தொட்டது. இரண்டாம் ஆண்டும் சரிவுதான். கூட வந்த டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவன்தான் இப்போது என் அணியின் முதல் ஆள். பையன் பத்தாவது இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். இந்த சீசனோடு அவனுக்கு 23. தாராளமான பகடையில் இன்னும் ஓர் உருட்டல் பாக்கி இருக்கிறது.